சலவைக்கூடத்து நாற்காலி

அந்தச் சலவைக்கூடத்தில் ஒரேயொரு நாற்காலிதான் இருந்தது. அதில் அமர எவரும் விரும்பியதில்லை.

விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் படுக்கை விரிப்புகளையும் துவாலைகளையும் வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம் அது. நீராவியின் வெக்கை கூரைவரை நிற்கும். ஆணும் பெண்ணுமாகப் பணியாளர் அனைவரும் தேய்ப்பு மேசைகளின் முன்னே காலைமுதல் மாலைவரை நின்றுகொண்டே வேலை செய்வர். மாலை மணி அடிக்கும்போது எவருடைய தள்ளுவண்டியில் தேய்க்காத துணி மிகுதியாகக் கிடக்கிறதோ, அவர் மறுநாட் காலைக் கூட்டத்தில் அந்த நாற்காலியில் அமர வேண்டும். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். மேற்பார்வையாளர் சற்றே குனிந்து, நோயாளியைக் காண வந்த உறவினரின் முகபாவத்தோடு நலம் விசாரிப்பார்.

“கால் வலி எப்படி இருக்கு? முதுகுக்கு ஒரு தலகாணி வைக்கச் சொல்லட்டுமா? எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. நாங்க நிக்கிறோம். நீங்க பாவம், நேத்து ரொம்ப ஒழச்சிட்டீங்க.”

இவ்விடத்தில் கூட்டம் சிரித்தாக வேண்டும். முதற்சிரிப்பு எப்போதும் மேற்பார்வையாளரின் உதவியாளனுடையது. நாற்காலியில் ஒருவர் அமர்ந்த மாத்திரத்தில், நகைச்சுவை பிறப்பதற்கு முன்பே, அவன் தொண்டையிலிருந்து ஒரு கனைப்பு புறப்பட்டுவிடும். அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளருக்கும் ஒரு பெயர் உண்டு. அது அவர் காதுக்கு எட்டியதில்லை. அவர் அணியும் சட்டையும் அவருடைய கழுத்தும் ஒரே விறைப்பாக இருந்தமையால், அவரைக் கஞ்சி சார் என்றார்கள்.

நாற்காலி கஞ்சி சாருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதைப் பற்றி அவருக்கிருந்த பெருமை, பெற்ற மகளைப் பற்றிக்கூட இருந்ததில்லை. “நான் யாரையாவது திட்டினேனா? கை ஓங்கினேனா? உக்காருங்கன்னுதானே சொல்றேன்” என்று முதலாளியிடம் ஒருமுறை விளக்கினார். முதலாளி வியந்து, வேறு கிளைகளுக்கும் ஒவ்வொரு நாற்காலி வாங்கினார். உலகத்தில் உள்ளவர்கள் இரண்டே வகை என்பது கஞ்சி சாரின் தத்துவம்: முதுகெலும்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள். வறுமை, துக்கம், தனிமை, தூக்கமின்மை என்று எதைச் சொன்னாலும், அவை முதுகெலும்பில்லாதவர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளும் விடுப்பு விண்ணப்பங்கள் என்பார். இதை அவர் சொல்லும்போது அவருடைய மேசைமேல் தேநீர்க் குடுவை ஒன்றில் ஆவி பறந்துகொண்டிருக்கும். பத்து மணிக்குள் இரண்டாவது கோப்பை உள்ளே போகவில்லையாயின் அவருடைய முதுகெலும்பு எதிரில் வருபவர்மேலெல்லாம் பாயும் என்பது கூடமறிந்த செய்தி.

அவர் நாவுக்கு மிகப் பிடித்தமான இரை போதைப்பொருள் உட்கொள்பவர்கள். செய்தித்தாளில் அத்தகைய செய்தி வந்த நாளில் காலைக் கூட்டம் நீண்டுவிடும். அப்படிப்பட்ட ஒருவர் தம் கூடத்திலேயே அகப்பட்டபோது அவர் அடைந்தது வருத்தமன்று. ஏறக்குறைய மகிழ்ச்சி என்றே சொல்ல வேண்டும். அகப்பட்டவள், தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தமையால் கண்ணாடி அக்கா என்று அழைக்கப்பட்ட பெண். கணவன் விட்டுச் சென்றபின், பகலில் இங்கும் மாலையில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையிலுமாகக் காலம் தள்ளியவள். ஒருநாள் அவள் குனிந்தபோது மேலங்கிப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்து, வெள்ளை மாத்திரைகள் சிமெண்டுத் தரையில் உருண்டோடின. தூக்கத்தையும் பசியையும் களைப்பையும் கொன்றுவிடும் மாத்திரை, எந்த மருத்துவரும் எழுதித் தராதது, வைத்திருப்பதே குற்றம்.

கஞ்சி சார் அவளைக் காவலரிடம் ஒப்படைக்கவில்லை. கூடத்தின் பெயர் கெட்டுவிடும். நாற்காலியில் அமர வைத்து, எல்லாரையும் வேலையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

“நல்லாப் பாத்துக்கங்க. ஒடம்புக்குள்ள முதுகெலும்பு இல்லேன்னா இப்படித்தான் வெளியிலேர்ந்து வாங்கி முழுங்கணும். ரெண்டு வேல பாக்குறாங்களாம். நம்ம மின்னலப் பாருங்க. அவனும் மனுசன்தானே? அவனும் இதே தரையிலதானே நிக்கிறான்?”

மின்னல் என்று அவரால் பெயரிடப்பட்ட அந்த இளைஞன் தலையை நிமிர்த்தவில்லை. அவனுடைய மேசைக்கடியில் ஒரு மாத்திரை உருண்டு வந்து நின்றிருந்தது. அவன் அதன்மேல் செருப்பை வைத்து நின்றான். அன்று மாலை அவனுடைய தள்ளுவண்டி எல்லாருக்கும் முன்பாகவே காலியாகியிருந்தது.

மின்னலைக் கஞ்சி சார் தம் வாழ்நாட் சான்றாகக் கருதினார். அவனுக்குக் களைப்பு என்பதே கிடையாது. உணவு இடைவேளையில் மற்றவர்கள் டப்பாவைத் திறந்து உட்கார இடம் தேடும்போது, அவன் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மேசைக்குத் திரும்புவான். ‘நாக்குக்கு அடிமையாகாத பையன்’ என்று குறித்துக்கொண்டார். அவன் உதடு வறண்டு வெடித்திருந்தது; ‘வெற்றிலை, புகை ஒன்றும் கிடையாது’. அவன் வேலையின்போது பல்லை நறநறவென்று கடித்தான், ‘வைராக்கியம்’. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினான், ‘மரியாதை’. ஒரு மருத்துவமனை வாயிலில் நிற்கும் காவலாளிகூட ஐயுற்றிருக்கக்கூடிய அறிகுறிகளையெல்லாம் இவர் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, நற்குணங்களாக அடுக்கி வைத்துக்கொண்டார். இறுதியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து மனைவியிடம், “மாப்பிள்ளை கிடைச்சாச்சு” என்றார்.

“யாருங்க?” என்றாள் மனைவி, நின்றபடியே. அந்த வீட்டில் அவர் உண்டு முடிக்கும்வரை வேறெவரும் அமர்வதில்லை.

“நம்ம மின்னல். அப்பா அம்மா கிடையாது, சித்தி வீட்ல வளந்தவன். பிக்கல் பிடுங்கல் இல்ல. ஒரு நாள் லீவு போட்டதில்ல தெரியுமா? தங்கம்.”

மகள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்தாள். நாள் முழுவதும் வலியோடு வருபவர்களைப் பார்த்து அவளுக்கு மனித முகங்களைப் படிக்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. மின்னல் முதன்முறை வீட்டுக்கு வந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் அமரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைத் துணியில் படிந்த இரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போடவே கூடாது, பச்சைத் தண்ணீர்தான் அதை விடுவிக்கும் என்று அவளுக்கு விரிவாகச் சொன்னான். தேநீர் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தான்.

“எப்படி?” என்றார் தந்தை, அவன் போனபின்.

“கண்ண இமைக்கவே மாட்டேங்கிறாருப்பா.”

“விழிப்பான பையன்.”

“சரி. பண்ணிக்கிறேன்.”

அவள் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், அவனிடத்தில் அவளுடைய தந்தையின் சாயல் எள்ளளவும் இல்லை என்பதே. இதை அவள் தாயிடம் மட்டும் சொன்னாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திருமண நாளைக் குறிப்பதற்காக இரு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் கூடுவதென்று முடிவாயிற்று. கஞ்சி சார் சலவைக்கூடத்தார் அனைவரையும் அழைத்தார். உழைப்பவனுக்கு என்ன பரிசு கிடைக்கும் என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டுமல்லவா? ஆனால் அந்த வாரத்தில் கூடத்தின் கொதிகலன் வெடிப்பு விட்டது. பழுது பார்க்கும்வரை வேலை இல்லையென்று கூடத்தைப் பூட்டினார்கள். அத்தனை பேரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். ஆமாஞ்சாமியும் உறவினர் ஊருக்குப் போய்ச் சனிக்கிழமை மாலைதான் திரும்புவதாக இருந்தது.

சனிக்கிழமை நண்பகலில் மின்னல் விருந்துக்கு வந்தான். வரும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கஞ்சி சார் எதிரில் அமர்ந்து, கூடத்தில் வேலை நேரத்தைக் கூட்டுவது பற்றித் தாம் முதலாளிக்குச் சொல்லவிருக்கும் யோசனையை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். மின்னலின் தலை மெல்லத் தாழ்ந்தது. பணிவு என்று எண்ணி அவர் பேச்சைத் தொடர்ந்தார். நெற்றி தட்டில் மோதியது. சோறு மயிரில் ஒட்டிக்கொண்டது. அவன் வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான்.

தோளைப் பிடித்து உலுக்கியும், முகத்தில் தண்ணீர் தெளித்தும் பயனில்லை. மனைவியும் அவருமாகத் தூக்கிப் பின்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். நெடுநேரம் கழித்து அவன் கண் விழித்தபோது உடம்பெல்லாம் நடுங்கிற்று. கண்ணீர் தானாக ஒழுகிற்று. கஞ்சி சார் மனைவியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

“என்னடா ஒடம்புக்கு? டாக்டரக் கூப்பிடவா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல மாமா. மாத்திர இல்ல, அதான்.”

“என்ன மாத்திர? சீட்டக் குடு, வாங்கிட்டு வர்றேன்.”

“சீட்டு எழுதித் தர்ற மாத்திர இல்ல அது. கண்ணாடி அக்கா வெச்சிருந்தாங்களே.”

கஞ்சி சார் அவனைப் பார்த்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்தார். அது நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றிய கவலை.

“எப்பலேர்ந்து?”

“நாற்காலியில உக்காந்த மறுநாள்லேர்ந்து.”

“நீ எப்படா உக்காந்த? நீ மின்னல்டா.”

“சேந்த புதுசுல. ஒரே ஒரு தடவ. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. ‘வீட்ல ஒனக்கு வேலன்னு ஏதாவது உண்டா, இல்ல அழகுக்கு வெச்சிருக்காங்களா’ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

“ஜோக்குடா அது.”

“நல்ல ஜோக்குதான் மாமா. நானும் சிரிச்சேன்.” அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். “ஆனா சித்தி வீட்ல நான் உக்காந்ததே இல்ல. சும்மா உக்காந்திருந்தா, ‘இது எதுக்கு இங்க இருக்கு’ன்னு அவங்க யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்களோன்னு பயம். தண்ணி தூக்கிட்டு, பாத்திரம் கழுவிட்டு, எதையாவது செஞ்சுட்டே இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க. அன்னிக்கு அத்தன பேரு முன்னால உக்காந்தப்ப, அவ்ளோதான், கண்டுபிடிச்சிட்டாங்கன்னு தோணிச்சு. சாயங்காலம் ஒருத்தரு தோள்ல கை போட்டாரு. ‘இதப் போட்டுக்க தம்பி, இனிமே ஒன்ன யாரும் உக்கார வைக்க மாட்டாங்க’ன்னாரு. அப்படியே ஆச்சு. நீங்க பேரு வெச்சீங்க. தட்டிக் குடுத்தீங்க. என்ன அதுக்கு முன்னால யாரும் தட்டிக் குடுத்ததில்ல மாமா. மாத்திரைய விட்டா அதுவும் போயிடுமேன்னுதான்...”

“எல்லாருந்தான் நின்னு வேல செய்றாங்க. அவங்கல்லாமா திங்கிறாங்க?”

மின்னல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். “பாதிப் பேரு. கொதிகலன் நின்னுதுல்ல, இப்ப நெறைய வீட்ல தூங்கிட்டுதான் இருப்பாங்க.”

ஓர் ஆளுடைய துன்பத்தைக் கேட்கும்போது, கேட்பவர் நெஞ்சில் அந்த ஆளே நிறைந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கஞ்சி சாரின் நெஞ்சில் அப்போது நிறைந்திருந்தவை மறுநாள் வாயிலில் கழற்றி விடப்படவிருக்கும் செருப்புகள். எத்தனை சோடி வரும், யார் யாருடையவை, அவற்றுக்குரியவர்கள் திரும்பிப் போகும்போது என்ன பேசிக்கொண்டு போவார்கள்.

“மாமா, கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. தள்ளி வைங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால இதுக்குன்னே ஒரு இடம் இருக்காம். கண்ணாடி அக்கா அங்க போய்த்தான் விட்டாங்களாம். நானும் போறேன்.”

“நாளைக்கு வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது? மாப்பிள்ள மாத்திர திங்கிற ஆஸ்பத்திரியில இருக்காருன்னா? நான் யாருன்னு தெரியுமில்ல ஒனக்கு? படு. பேசாமப் படு.”

அவருடைய தத்துவத்தின்படி, முதுகெலும்பில்லாத அவனை அப்போதே வாசலுக்கு வெளியே தள்ளியிருக்க வேண்டும். ஆனால் தத்துவம் அடுத்த வீட்டுக்காரனுக்காகச் செய்யப்பட்டது. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார்.

மாடிப்படிக்கு அடியிலிருந்த ஒடுக்கமான இடத்தில், சலவைக்கூட வேலை போனபின் தையல் இயந்திரம் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள் கண்ணாடி அக்கா. உடம்பு சற்றே தேறியிருந்தது. அவரைக் கண்டதும் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

“வாங்க சார். ஒங்கள உக்காரச் சொல்லலாம்னா, ஒங்களுக்கு அது பிடிக்காதே. என்ன, பேன்ட்டு சுருக்கணுமா?”

“இல்லம்மா. நல்லா இருக்கியா? ஒரு சின்ன விஷயம். அந்த மாத்திர... எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அவசரமா...”

“தெரிஞ்ச ஒருத்தருக்கு.” அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். “எல்லாரும் அப்படித்தான் சார் ஆரம்பிப்பாங்க.”

“எனக்கில்ல.”

“மின்னலுக்கா?”

அவர் தெருவைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். முன் வாசல் இல்ல, பின் பக்கம் பச்சக் கதவு. யாரும் கேவலமாப் பேச மாட்டாங்க. மொதல்ல உக்காரச் சொல்லுவாங்க. எனக்கு அதக் கேட்டதும் ஒதறிடிச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது, நெஜமாவே உக்காரத்தான் சொல்றாங்கன்னு.”

“அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம். நாளைக்கு ஒரு நாள் அவன் நின்னாப் போதும்.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நாளைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள்.” அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். “என்னை முதுகெலும்பு இல்லாதவன்னு அத்தன பேரு முன்னால சொன்னீங்க. இன்னிக்கு மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு வாங்கக் கடைக்கு வந்திருக்கீங்க. எங்கிட்ட இல்ல சார். நான் எப்பவும் விக்கவும் இல்ல, வாங்கினவதான். விக்கிறவரத் தேடி இவ்ளோ தூரம் வந்திருக்க வேண்டாமே. ஒங்க ஜோக்குக்கு மொதல்ல சிரிக்கிறது யாரு?”

அவள் காலை மிதிபலகையில் வைத்து அழுத்தினாள். இயந்திரத்தின் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னது கேட்கவில்லை. கேட்பதற்கு அவள் நிறுத்தவுமில்லை.

ஆமாஞ்சாமி தன் வீட்டில் அப்போதுதான் பயணப் பையை இறக்கி வைத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அச்சமோ வியப்போ அவன் முகத்தில் இல்லை. கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

“சார், நீங்க ஏன் சார் நடந்து வந்தீங்க? சொல்லியனுப்பியிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே. மாப்பிள்ளைக்குத்தானே? ரெண்டு நாளா எடுக்கலேன்னா நடுங்கத்தான் செய்யும்.”

“நீயா? என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, நீயாடா?”

“சார், என்ன சார் இது.” ஆமாஞ்சாமியின் குரலில் உண்மையான நன்றி இருந்தது. “நான் என்ன பெருசா செஞ்சுட்டேன்? நாற்காலி ஒங்களுது. ஐடியா ஒங்களுது. நீங்க உக்கார வைக்கிறீங்க, நான் எழுப்பி விடுறேன். நான் வெறும் உதவியாளு சார்.”

அவன் உள்ளே போய்க் காகிதத்தில் மடித்த ஒன்றைக் கொண்டுவந்து, பரிசு தருபவனைப்போல இரு கைகளாலும் நீட்டினான். விலைப் பேச்சு எழவில்லை. அதைக் கையில் வாங்காமல் திரும்பிவிட அவருக்கு ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியில் அவர் தெருவில் எவரேனும் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில், வேலை முடிந்து வந்திருந்த மகள் பின்னறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

“என்னப்பா ஆச்சு இவருக்கு?”

“வெயில்ல அலைஞ்சிருக்கான். தூங்கட்டும்.”

அவள் தந்தையின் முகத்தைப் பல் வலிக்காரனின் முகத்தைப் படிப்பதுபோல் படித்துவிட்டு, தண்ணீர் எடுத்து வந்து கட்டிலருகே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கூடத்துத் தரை விரிப்பால் நிரம்பிற்று. இரவல் வாங்கிய நாற்காலிகள் சுவரோரமாக அடுக்கப்பட்டன. கஞ்சி சார் புதிதாகக் கஞ்சி போட்ட சட்டையில், கையில் தண்ணீரோடு பின்னறைக்குள் நுழைந்தார். மின்னல் கட்டிலின் விளிம்பில் தொடைகளை இறுகப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தான். அவர் காகிதத்தைப் பிரித்து உள்ளங்கையை நீட்டினார்.

“போட்டுக்க. முகத்தக் கழுவு. சட்ட மாத்து.”

மின்னல் மாத்திரையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். “நீங்களே போயி வாங்கிட்டு வந்தீங்களா மாமா?”

அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. தட்டிக்கொடுக்கப்பட்ட ஒருவனின் நெகிழ்ச்சிதான் இருந்தது, அதுதான் அருவருப்பூட்டிற்று. அவன் கை தானாக நீண்டது. அப்போது மகள் கதவைத் திறந்தாள்.

“என்ன மாத்திரப்பா அது?”

“தலைவலிக்கு.”

“எந்தக் கடையில பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்க?”

தந்தை உள்ளங்கையை மூடிக்கொண்டார். அவள் அவரைக் கடந்து வந்து மின்னலின் எதிரில் மண்டியிட்டாள்.

“ஒங்களுக்கு இது வேணுமா?”

“வேணும்” என்றான் மின்னல்.

“போட்டுக்கணுமா?”

அவன் நீண்டிருந்த கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். “வேண்டாம்.” பிறகு, “நேத்தே சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால பச்சக் கதவு இருக்காம். தள்ளி வைங்கன்னு கேட்டேன்” என்றான்.

அவள் எழுந்தாள். தந்தையிடம் அவள் குரலை உயர்த்தவில்லை. “நேத்தே கேட்டாரா?”

“ஏமாத்திட்டான்மா. இத்தன நாளா என்னை ஏமாத்தியிருக்கான். முதுகெலும்பு இல்லாத...”

“அவரு ஒங்கள எங்கப்பா ஏமாத்தினாரு? நீங்க என்ன கேட்டீங்களோ அதக் குடுத்தாரு. ஓடச் சொன்னீங்க, ஓடினாரு. எதப் போட்டுட்டு ஓடினாருன்னு நீங்க கேக்கவே இல்லையே.” அவள் மின்னலின் தோளில் துவாலையைப் போர்த்தினாள். “வண்டியில பின்னால உக்காந்து என்னப் பிடிச்சுக்க முடியுமா?”

“முடியும்.”

“இப்ப எங்க போற?” என்றார் தந்தை. “அவங்கல்லாம் வந்துடுவாங்க. கல்யாணம்?”

“அவரு தூங்கி எந்திரிக்கட்டும். அப்புறம் நானும் அவரும் பேசிக்கிறோம்.”

“வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

“உண்மையச் சொல்லுங்க. வரலேன்னா ஒரு ஜோக் சொல்லுங்க. அது ஒங்களுக்கு வரும்.”

வண்டி புறப்படும் சத்தம் பின்வாசலில் கேட்டது. கஞ்சி சார் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை எங்கே எறிவதென்று தெரியாமல் மீண்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

முதலில் மின்னலின் சித்தி வந்தாள். எடுத்து வளர்த்ததற்காகத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டே படியேறினாள். பிறகு சலவைக்கூடத்தார் வந்தார்கள். இரவல் நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருக்க, அவர்கள் ஒருவரும் அமரவில்லை. சுவரோரமாக, காலைக் கூட்டத்தில் நிற்பதுபோலவே நின்றார்கள். சிலருக்குக் கண்கள் குழிந்திருந்தன. சிலர் கொட்டாவியை அடக்கினார்கள். கஞ்சி சார் அவர்களுடைய வறண்ட உதடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதியில் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். ஆமாஞ்சாமி புதுச் சட்டையில், வழக்கமான இடத்தில், அவருடைய வலப்பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

“மாப்பிள்ள எங்க சம்பந்தி?” என்றாள் சித்தி. “எங்க பிள்ள எதுக்கும் லேட்டா வர மாட்டானே.”

“வந்து... அவனுக்கு...”

“என்ன அவனுக்கு?”

கூடமே அவரைப் பார்த்தது. நகைச்சுவை ஒன்று நாவில் வருமா என்று அவர் துழாவினார். வரவில்லை. வியர்வையில் கஞ்சி கரைந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். மாத்திர... மாத்திரப் பழக்கம்.”

“மாத்திரையா? எங்க பிள்ளைக்கா?” சித்தியின் குரல் ஏறிற்று. “அவன் ஒங்ககிட்டல்ல வேல பாத்தான். நாள் முழுக்க ஒங்க கண்ணு முன்னாலதானே நின்னான். ஒங்களுக்குத் தெரியாதா?”

சுவரோரத்தில் நின்ற எவரும் அசையவில்லை. அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை, அவர் இதுவரை சொன்ன எந்த நகைச்சுவைக்கும் கிடைத்ததில்லை. அவர் சாய்ந்துவிடுவார்போல இருந்தது. மனைவி இரவல் நாற்காலி ஒன்றை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் போட்டாள்.

“ஒங்களுக்குக் கால் நடுங்குது. உக்காருங்க.”

“வேண்டாம்.”

“உக்காருங்கன்னுதானே சொல்றேன்.”

அவள் அதை எந்த எண்ணத்தோடு சொன்னாள் என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார். சுற்றிலும் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கால்கள் மேலும் தாங்க மறுத்தன. அவர் மெல்ல, மிக மெல்ல, அமர்ந்தார்.

வலப்பக்கத்திலிருந்து, பல ஆண்டுப் பழக்கத்தால், ஆமாஞ்சாமியின் கனைப்பு புறப்பட்டுவிட்டது.